வாண்டுகளுக்கு விரித்த வலை

கரையான்சாவடி, குமணன்சாவடி, வேலப்பன்சாவடி என்று சாவடிக்குச் சாவடி புது மனைப்பிரிவுகள். கூடவே பூங்காக்கள். அங்கே பிள்ளைகள் ஏறி விளையாடும் கயிற்று வலை பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கே: பூங்காவில் வலை கட்டும் யோசனை யாருடையது? காசிமேட்டுக்காரர்களுடையதா?
– வேலப்பன்சாவடி வாசகர்

ப: காசிமேட்டு வலை மீனை உள்ளே பிடித்து வைக்கும். இந்த வலை பிள்ளையை வெளியே விட்டாக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் பெர்லினில் கோன்ராட் ரோலண்ட் என்ற கட்டடக்கலைஞர் இதை உருவாக்கினார். கயிற்றைத் தட்டையாக விரிக்காமல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பின்னி, நடுவில் ஒரு கம்பம் நட்டு இழுத்துக் கட்டினார். அவருக்குக் கைகொடுத்தது, அதுவரை லிஃப்டுக்குக் கயிறு செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலை. லிஃப்ட் ஆளை மேலே தூக்கும். வலையில் ஆளே ஏறிக்கொள்ள வேண்டும்.

கே: என் பையன் கேட் கம்பிக்குள் தலையை விட்டு, எண்ணெய் தடவி எடுத்தோம். வலையில் ஓராயிரம் ஓட்டை இருக்குமே!
– அம்பத்தூர் வாசகி

ப: இந்தத் தொழிலில் கயிற்றைவிட ஓட்டையைத்தான் அதிகம் அளக்கிறார்கள். இ.என். 1176 என்ற ஐரோப்பியத் தரவிதி, அமெரிக்க விதி இரண்டும் இதில் ஏறக்குறைய ஒரே குரல். ஓட்டை 89 மில்லிமீட்டருக்குள் இருந்தால் உடம்பே நுழையாது. 230-ஐத் தாண்டினால் தலையும் தாராளமாக வெளியே வந்துவிடும். வில்லங்கமெல்லாம் நடுவில்தான்: கால் போகும், இடுப்பு போகும், தலை மாட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, மிதித்தால் கயிறு அசைந்து ஓட்டையின் உருவம் மாறும். அதையும் கணக்கில் வைத்துத்தான் வரைபடம் போடுகிறார்கள். உங்கள் கேட்டுக்கு அப்படி யாரும் கணக்குப் போடவில்லை போலிருக்கிறது.

கே: கடையில் கிலோ கணக்கில் நைலான் கயிறு கிடைக்கிறதே. நாங்களே முடிச்சுப் போட்டால் என்ன?
– திருவேற்காடு வாசகர்

ப: முதல் மழையில் வலை தூளியாகிவிடும், நைலான் நனைந்தால் நீளும் குணமுள்ளது. பிளாஸ்டிக் கயிறோ வெயிலில் வெளுத்துத் தும்பு தும்பாக உதிரும். தேர்வடத்துக்குப் பேர்போன சிங்கம்புணரித் தேங்காய்நார்க் கயிறு கட்டினாலும், ஆண்டு முழுக்க மழையில் கிடந்தால் இற்றுப்போகும்.

விளையாட்டு வலைக்குப் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் கயிறு. உள்ளே துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி, வெளியே பாலியஸ்டர் அல்லது நைலான் இழை. மே மாதத்துத் தகரச் சறுக்குமரம் போல இது சுடாது. துணி காயப்போட யாரும் ஒரு துண்டு அறுத்துக்கொண்டும் போக முடியாது.

கே: கேட்லாக்கில் ஒன்றைப் பார்த்து வாங்கிப் போடுவதை விட்டு, தனியாக எதற்கு வடிவமைப்பு?
– பூந்தமல்லி வாசகர்

ப: பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக விட்டாக வேண்டும். அது எப்போதும் சதுரமாகவா வாய்க்கிறது? முக்கோணம், நடுவில் வேப்பமரம், ஓரத்தில் மின்கம்பி! கேட்லாக் இதையெல்லாம் பார்த்ததில்லை. இறுக்கிய வலை சுற்றிலும் உள்ள பிடிமானங்களை மண்ணிலிருந்து பிடுங்கப் பார்க்கும். ஆகவே கூவம் ஓரத்து மண்ணுக்கும் மேட்டு மண்ணுக்கும் ஒரே அஸ்திவாரம் சரிப்படாது.

இடத்துக்கென்றே செய்ததற்கு ஜப்பானைப் பாருங்கள். தோஷிகோ ஹோரியுச்சி மெக்காடம் என்ற இழைக்கலைஞரின் கண்காட்சியில், தொங்கிய கலைப்படைப்பின் மேல் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். வேறொருவர் என்றால் காவலாளியைக் கூப்பிட்டிருப்பார். இவர் பிள்ளைகளுக்காகவே வலை பின்னத் தொடங்கினார். ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 2009-இல் எழுந்த மரக்கூடத்துக்குள் தொங்குவது அவர் கையால் குரோஷா பின்னிய வண்ண வலை. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 2021-இல் திறந்த 16 மீட்டர்க் கோபுரத்துக்குள்ளும் வலை வழியாக ஏறலாம்.

கே: இருபது வாண்டுகள் ஒன்றாக ஏறினால்?
– ஆவடி வாசகர்

ப: டாங்கி செய்யும் ஊர்க்காரருக்குப் பாரத்தைப் பற்றிக் கவலை வருவது நியாயம்தான். கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓரிடத்தில் உட்கார்ந்தாலும் எல்லாக் கயிறும் சுமையைப் பங்குபோடும். ஒரு மூலையில் ஒருவன் குதித்தால் மறு மூலையில் இருப்பவள் ஆடுவாள். பாதி விளையாட்டே அதுதான். கை நழுவினாலும், நன்றாகப் பின்னிய வலையில் அடுத்த கயிறு எட்டும் தூரத்திலேயே இருக்கும். விழக்கூடிய உயரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. கீழே மணலோ ரப்பரோ வேண்டும், சிமென்ட் கூடவே கூடாது. கட்டிலைப் போலவே இதையும் அவ்வப்போது இறுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு வரும் கூட்டத்தில் ஒருவராவது ஸ்பேனரோடு திரும்பி வந்தால் நல்லது.

கே: வயது 62. நானும் ஏறலாமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.
– வேலப்பன்சாவடி தாத்தா

ப: சட்டம் உங்கள் பக்கம், தாத்தா. உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தைக்கு உதவப் பெரியவர் போய்வர வழி இருக்க வேண்டும் என்று அதே இ.என். 1176 சொல்கிறது. செருப்பைக் கழற்றுங்கள், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுங்கள். பாட்டி கேட்டால், பேரன் உச்சியில் நின்று அழுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். பேரனிடம் மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.