வேஸ் அண்ணன்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வேஸ் அண்ணன் எனப்படுபவர் தோட்டத்துக்கு ஒருவராவது இருப்பார். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். வாசலில் ஒரு மோட்டார், பழைய புரோட்டோன் கார், கையில் எப்போதும் கைப்பேசி. எங்கும் போகாத நாளிலும் சாலை நிலவரம் பார்க்காமல் பசியாற மாட்டார்.

இவ்வினம் செழிக்கக் காரணம் மலையின் அமைப்பு. தெற்கே தாப்பாவிலிருந்து ஒரு சாலை ஏறி வருகிறது, வடமேற்கே சிம்பாங் பூலாயிலிருந்து இன்னொன்று. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம், கம்போங் ராஜா எல்லாம் நடுவே ஓடும் ஒரே சாலையில் கோத்த ஊர்கள். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஸ்ட்ராபெர்ரி பறிக்க வந்த கூட்டம் கியா பார்ம் சந்தையருகே அசையாது நிற்கும். இஸ்ரேலில் பிறந்து, 2013இல் கூகுள் வாங்கிய வேஸ் செயலி, ஓட்டுநர்களின் கைப்பேசிகள் நகரும் வேகத்தைத் திரட்டி, அடைத்த சாலையை விட்டு வேறு சாலையில் போகச் சொல்லும். வேறு சாலையே இல்லாத ஊரில் அதற்குப் பாதி வேலைதான். அண்ணனுக்கோ முழுநேர வேலை.

சுங்கை பாலாஸ் பக்கம் இப்படியொரு பேச்சு சாதாரணம்:

"தம்பி, இப்ப இறங்காத. கியா பார்ம்ல ஒரே செவப்பு."

"வேற வழி காட்டுதாண்ணே?"

"காட்டுது. சிம்பாங் பூலாய் இறங்கி, தாப்பா போயி, திரும்ப ஏறி தானா ராத்தா வரணுமாம்."

ஆகவே இங்கே நேரடித் தகவல் பாதையை மாற்றுவதில்லை. எப்போது கிளம்புவது, எதில் கிளம்புவது என்ற இரண்டை மட்டுமே மாற்றும். இரண்டாவதில்தான் அண்ணனின் திறமை தெரியும். திரை சிவந்தால் காரை விட்டு மோட்டாரை எடுப்பார். நின்ற கார்களின் ஓரமாக நுழைந்து போய்விடலாம் என்பது கணக்கு. மலையில் பிற்பகல் மழை கணக்குப் பார்த்து வருவதில்லை. பாதி வழியில் நனைந்து, திரும்பி வந்து, சட்டை மாற்றிக் காரை எடுப்பதற்குள் சிவப்பு கருஞ்சிவப்பாகியிருக்கும். மற்றவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள், இவர் தெரிந்தே மாட்டிக்கொள்வார்.

அவரால் ஊருக்கு வரும் வினையும் உண்டு. "நாலு மணிக்கு மேல போங்க" என்று தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவார். நாலு மணிக்குத் தோட்டமே கிளம்பும். நெரிசலும் நாலு மணிக்கு நகர்ந்துவிடும். எல்லோருக்கும் ஒரே தகவல் போனால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள் என்று பென்-அகிவா, டி பால்மா, கய்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1991இலேயே எழுதிவிட்டார்கள். அவர்கள் இந்தக் குழுவில் இல்லை.

நெரிசலில் நிற்கும்போது அதையே செயலியில் பதிவு செய்வார். அதற்குப் புள்ளி உண்டு, புள்ளி ஏற ஏற அவருடைய சின்னத்துக்குக் கிரீடமும் கிடைக்கும். நகராமலே பதவி உயரும் வாகன ஓட்டி உலகில் குறைவு.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் பழைய தோட்டம் ஹாபு அருகே இருக்கிறது. அந்தப் பக்கத்து வேஸ் அண்ணன் சற்று வேறு வகை. கியா பார்ம் அவருக்குப் பொருட்டல்ல. தாப்பா இறக்கத்தில் மரம் விழுந்ததா, மண் சரிந்ததா என்பதே கவலை. வளைவுகளில் சிக்னல் போய்விடும் என்பதால், எதிரே ஏறிவரும் காய்கறி லாரியைக் கைகாட்டி நிறுத்தி விசாரிப்பார். கேட்டதை அப்படியே செயலியில் ஏற்றி, அதையே திரும்பத் திரையில் பார்த்த பிறகுதான் நம்புவார்.