தாத்தா பெயரில் ஒரு வண்டி

பாங்காக்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் இங்கிருந்து திரும்பியதிலிருந்து செஞ்சி முழுக்க என்ன சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்று சித்தி போனில் ஒப்பித்தாள். "பெத்தவங்க வர்றாங்கன்னு ஒரு கார் வெச்சுக் கூப்பிட வழியில்ல, காசு கட்டி எவனையோ நிக்க வெச்சிருந்தா" என்பது அம்மாவின் கட்சி. "பத்து பைசா குறைக்க விடல" என்பது அப்பாவின் கட்சி. இரண்டுக்கும் என் பதில் இது. நீ வண்டி ஓட்டுகிற தொழில்காரன். தீர்ப்பை நீயே சொல்லு.

கடல் பார்க்க வேண்டும் என்று கேட்டது அவர்கள்தான். விமான நிலையத்திலிருந்து பட்டாயாதான் கிட்ட, சுமார் 120 கிலோமீட்டர். ஆனால் அந்தப் பெயரை எடுத்ததுமே சித்தப்பா "அது குடும்பத்தோட போற இடமா?" என்று கேட்டுவிட்டாராம். அப்படி என்ன இடம் என்று அம்மா திருப்பிக் கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும்?" என்றாராம். சரி, வம்பு வேண்டாம் என்று ஹுவா ஹின் போட்டேன். அது ராஜ குடும்பத்தின் கோடை அரண்மனை இருக்கிற கடற்கரை ஊர். மீன்பிடிக் கிராமமாக இருந்ததை, நூறு வருஷத்துக்கு முன்னால் தெற்கே போகிற ரயில் வந்து விடுமுறை ஊராக்கிவிட்டது. பெரிய மனுஷங்க ஊர் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடு. சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 220 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பேருந்து உண்டு. ராத்திரி முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வருகிற அம்மாவின் முழங்காலை நினைத்துத்தான் ஒரு இணையதளத்தில் தனி வண்டிக்குப் பதிவு செய்தேன்.

இந்தத் தனி வண்டிப் பதிவு இருக்கிறதே, அது ஒரு கல்யாணப் பேச்சுவார்த்தை. எத்தனை பேர் என்று முதலில் கேட்டார்கள், சொன்னேன். எத்தனை பெட்டி என்றார்கள். அங்கேதான் சிக்கல். பெரிய பெட்டி, கைப்பை, கோல்ஃப் மட்டைப் பை, அலைச்சறுக்குப் பலகை, சைக்கிள் என்று நீளமாக ஒரு பட்டியல் கொடுத்து டிக் போடச் சொன்னார்கள். நைலான் கயிறு போட்டுக் கட்டி, நாலு பக்கமும் மார்க்கரில் பேர் எழுதின அட்டைப்பெட்டி அதில் இல்லை. முறுக்கு டின் இல்லை. உலகத்தில் எவன் எவனோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறான், அவனுக்கெல்லாம் ஒரு கட்டம் இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை. அதற்கு ஈடாக இரண்டு பெட்டி கூட்டிப் போட்டேன். பதிவு காரிலிருந்து தானாக வேனுக்குத் தாவிவிட்டது.

அடுத்து விமான எண். எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்கவே இல்லை. விமானம் எப்போது இறங்குகிறதோ அப்போது வண்டி நிற்குமாம், தாமதமானால் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். இறங்கியதிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருப்பு சும்மா, அதற்கு மேல் காசு. 24 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். டோல், டீசல், பார்க்கிங் எல்லாம் உள்ளடக்கம். வழியில் கால் மணி நேரம் ஒரு நிறுத்தம். அவ்வளவுக்கும் சேர்த்து மூவாயிரம் பாட் பக்கம், நம்ம காசில் எட்டாயிரம் வைத்துக்கொள். கார்டில் கட்டினேன், ரசீது வந்தது. யாரும் "பாத்துப் போட்டுக் குடுங்க" என்று தலையைச் சொறியவில்லை.

இனி விமான நிலையம். நம்ம மீனம்பாக்கத்தில் டிக்கெட் இல்லாதவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆனாலும் ஒருத்தரை ஏற்றிவிட ஒரு தெருவே கிளம்பி வந்து கம்பிக்கு வெளியே நிற்கும். இங்கே யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து நடக்கலாம், ஆனால் யாரும் வருவதில்லை. வருகைத் தளத்தில் நிற்பவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு நிற்பவர்கள். வெள்ளைச் சட்டை, கையில் பலகை, பலகையில் முன்பின் பார்த்திராத ஒருவர் பெயர். நான் ரயிலில் வந்து அந்த வரிசை ஓரமாக நின்றேன்.

எங்கள் டிரைவரை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறாய்? பலகையில் தாத்தா பெயர். பதிவில் குடும்பப் பெயர் கட்டாயம் என்றதால் அப்பாவின் பாஸ்போர்ட்டில் உள்ளபடி போட்டிருந்தேன். அவர்கள் அப்பா பெயரை வெட்டிவிட்டுத் தாத்தாவை மட்டும் மரியாதையாக 'மிஸ்டர்' சேர்த்து எழுதியிருந்தார்கள். மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்ததைத் தவிர வேறு பயணம் அறியாத மனுஷன், திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் போனால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னவர், சுவர்ணபூமியில் ஏசி வேன் வைத்து அழைக்கப்படுகிறார்! அம்மா வெளியே வந்ததும் பலகையைப் பார்த்தாள், எழுத்துக் கூட்டிப் படித்தாள், சட்டென்று முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மாமனார் பெயர் அல்லவா! அப்பா அந்தப் பலகையைக் கையில் வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார். டிரைவர் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் கும்பிட்டார். அம்மா பதிலுக்குக் கும்பிட்டது டிரைவரையா பலகையையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

வேனில் ஏறியதும் அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. முன்கண்ணாடியில் மல்லிகை, செவ்வந்தி சேர்த்துக் கட்டின சின்ன மாலை. வண்டிக்கும் படகுக்கும் காவலாக மே யா நாங் என்று ஒரு பெண் தெய்வம் இருப்பதாக இங்கே நம்பிக்கை, அவளுக்குத்தான் மாலை. டிரைவர் சொன்னதை நான் தமிழில் சொன்னதும் அம்மா, "நம்ம மேல்மலையனூர் அங்காளம்மாதான், இங்க வந்து இருக்கா" என்று முடிவு கட்டிவிட்டாள். ஆயுத பூஜைக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பீர்களா என்று டிரைவரைக் கேட்கச் சொன்னாள். சக்கரத்தையும் எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துச் சொல்லத் தாய் மொழியில் எனக்கு வாக்கியம் வரவில்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

நகரத்தைத் தாண்டி இரண்டாம் ராமா சாலை. மேலே பறக்கும் சாலை கட்டுகிறார்கள், கீழே பள்ளமும் தடுப்பும். எப்போது முடியும் என்று கேட்டால் இந்த ஊர்க்காரர்களே சிரிக்கிற சாலை. அப்பாவுக்கு அங்கே ஒரு நிம்மதி. "நம்ம திண்டிவனம் – கிருஷ்ணகிரி ரோடு மாதிரியே இருக்குதே" என்று சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்து சமுத் சாகோன் பக்கம் ரோட்டோரம் முழுக்க உப்பளம், வெள்ளை வெள்ளையாகக் குவியல். அம்மா "மரக்காணம்!" என்று கூவினாள். பெட்சபுரி மாகாணத்தில் நுழைந்தால் கண்ணுக்கெட்டும் வரை பனைமரம். பனைவெல்லத்துக்குப் பேர்போன ஊர். இவ்வளவு செலவு பண்ணி விழுப்புரம் மாவட்டத்தையே சுற்றிக் காட்டுகிறாளே என்கிற மாதிரி இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உச்சக்கட்டம் அதே பெட்சபுரி ஊரில். ரோட்டிலிருந்தே தெரிகிற ஒரு குன்று. அதன் மூன்று உச்சிகளில் அரண்மனை, கோபுரம், கோயில். ப்ர நகோன் கிரி என்று பெயர். நாலாம் ராமா மன்னர் 1859-இல் கட்டத் தொடங்கியது. மேலே போகப் பழனியில் இருப்பது போல விஞ்ச். அடிவாரம் முழுக்கக் குரங்கு. நம்ம செஞ்சிக் கோட்டை மாதிரியே மூன்று உச்சி, அரண்மனை, குரங்கு என்றதும் அப்பாவுக்குள் இருந்த சரித்திர வாத்தியார் விழித்துக்கொண்டார். வண்டியை நிறுத்து என்றார். நமக்கு உரிமையான கால் மணி நேர நிறுத்தத்தை அம்மாவின் காபிக்காக ஏற்கெனவே பெட்ரோல் பங்கில் செலவழித்தாகிவிட்டது. இனி நிறுத்தினால் கூடுதல் கட்டணம்.

அப்பா விட்டாரா? அரண்மனை நகர்ந்துகொண்டே போகும்போது பாடத்தை ஆரம்பித்தார். நான் மொழிபெயர்ப்பு. "சிவாஜி மகன் ராஜாராம் 1689-இல் மகாராஷ்டிரத்திலிருந்து மாறுவேஷம் போட்டுக்கிட்டு, மொகலாயப் படை பின்னால துரத்த, கேளடி, பெங்களூரு, வேலூர் வழியா செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். எத்தனை நிறுத்தம்! எவன் காசு கேட்டான்? அப்புறம் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்து கோட்டைக்கு வெளியில 1690-லேருந்து 1698 வரைக்கும் முற்றுகை போட்டான்." நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் சும்மா. பாக்கி ஏழு வருஷத்துச் சொச்சத்துக்கு இந்தத் தளத்தின் காத்திருப்புக் கட்டணத்தில் பில் போட்டிருந்தால் ஔரங்கசீப் கஜானா அன்றைக்கே காலி. 2025 ஜூலையில் நம்ம கோட்டை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய செய்தியையும் டிரைவருக்குச் சொல்லச் சொன்னார். மராட்டியர் கோட்டைகள் என்று சேர்த்த பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரம், ஒன்றே ஒன்று செஞ்சி. டிரைவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்பா அதைச் சர்வதேச அங்கீகாரமாக எடுத்துக்கொண்டார்.

ஹுவா ஹின் வந்து இறங்கியதும்தான் அப்பாவின் உண்மையான சோதனை. பெட்டியை இறக்கியாகிவிட்டது, பர்ஸைத் திறந்தார், "எவ்வளவு?" என்றார். முதலிலேயே கட்டியாச்சு என்றேன். "சரி, எவ்வளவு குறைச்சே?" என்றார். குறைக்க ஆளே இல்லை, திரைதான் இருந்தது என்றேன். வாழ்நாளில் ஒரு வாடகை வண்டியிலிருந்து சண்டை போடாமல் இறங்கியது அவருக்கு இதுதான் முதல் தடவை. கை கால் ஓடாமல் நின்றார். அம்மா அட்டைப்பெட்டியை அங்கேயே பிரித்து டிரைவருக்கு ஒரு பொட்டலம் அதிரசம் கொடுத்தாள். அதற்கும் பதிவில் கட்டம் கிடையாது. கடற்கரையில் குதிரை வாடகைக்கு விடுகிறார்கள். ஏறுங்க என்றால் அப்பா, "தேசிங்கு ராஜா ஊர்க்காரன் மணிக்கூலிக் குதிரையிலயா ஏறுவான்?" என்று அந்தக் கோபத்தையும் அங்கே காட்டினார். அம்மா கடலில் கால் நனைத்துவிட்டு, புதுச்சேரி கடலைவிட உப்பு குறைவு என்றாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்க மட்டும் எழுதவில்லை. அந்த வேனில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டது உன்னைத்தான். அவர்கள் தனித்தனியாக எழுதி விலை போட்டிருந்த ஒவ்வொன்றையும் நீ வருஷக்கணக்காகச் சொந்தக்காரர்களுக்குச் சும்மா செய்கிறாய். விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்றாலும் கொசுக்கடியில் நிற்கிறாய். போகும்போது காலியாகப் போகிறாய். ஆத்தூர் டோல், பரனூர் டோல், பார்க்கிங், ராத்திரி டீ எல்லாம் உன் பையிலிருந்து. கேட்டால் "நம்ம பையன்தானே, டீசல் மட்டும் போட்டுக்கப்பா" என்று மாமா ஐந்நூறைத் திணிக்கிறார். மஞ்சள் போர்டு வண்டிக்கு வரியும் எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் சொந்தக்காரர்களா கட்டுகிறார்கள்? அதே மாமா அமெரிக்காவில் மகன் வைத்த வண்டிக்கு டாலரில் கட்டிவிட்டு வந்து, அங்கே ஒழுங்கு எப்படி இருக்குது தெரியுமா என்று நம்ம திண்ணையில் பாடம் எடுப்பார்.

அதற்காக நீ ஏதாவது ஒரு தளத்தில் போய்ச் சேராதே. போகும் வழியில் அந்த டிரைவரிடம் விசாரித்தேன். நான் கட்டிய காசில் தளத்துக்கு ஒரு பங்கு, வண்டி ஏற்பாடு செய்த கம்பெனிக்கு ஒரு பங்கு. அவர் கைக்கு வந்தது நான் நினைத்ததில் பாதிதான். பலகையைப் பிடித்து நின்றது மட்டும் முழுக்க அவர். அதனால் தளம் வேண்டாம், அவர்கள் மாதிரி ஒரு விலைக் காகிதம் மட்டும் போதும். ஒரு பக்கத்தில் எழுதி வண்டிக்குள் ஒட்டு. கிலோமீட்டருக்கு இவ்வளவு, ரிட்டர்ன் காலி சேர்த்து. டோலும் பார்க்கிங்கும் தனி. விமானம் இறங்கி ஒரு மணி நேரம் வரை காத்திருப்புக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. பேட்டா இவ்வளவு. சொந்தக்காரர்களுக்கும் இதுவே. வாயால் சொன்னால் முகம் கோணும். அச்சடித்து ஒட்டினால் எவனும் கோபித்துக்கொள்ள மாட்டான், அச்சுக்கு அவ்வளவு மரியாதை. யுனெஸ்கோ பேரைக் கேட்டுவிட்டுப் புதுச்சேரியிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் இனி செஞ்சிக்கு வருவார்கள். அவர்கள் முதலில் கேட்பதும் இந்தக் காகிதத்தைத்தான்.

முதல் பதிவு நானே செய்கிறேன். தை மாதம் ஆபீஸில் கூட வேலை செய்கிற தாய்லாந்துப் பெண்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வருகிறேன். அவர்களுக்கும் கடல் வேண்டுமாம். மீனம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம், இரண்டு ராத்திரி. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளம் காட்டிப் புதுச்சேரி. கடைசியில் செஞ்சி. பயணிகள் மூன்று, பெட்டி மூன்று, அட்டைப்பெட்டி திரும்பும்போது அம்மா உபயம். வழியில் எத்தனை நிறுத்தம் என்று அப்பாதான் முடிவு செய்வார், அதையும் பில்லில் ஏற்று. அழைக்க நீ ஒருத்தன் வந்தால் போதும், தெரு வேண்டாம்.

விமான எண்ணைப் பிறகு அனுப்புகிறேன். முன்பணத்தை அண்ணி கணக்கில் போட்டாகிவிட்டது. உன் கணக்கில் போட்டால் "தங்கச்சிகிட்ட வாங்கறதா" என்று அன்றைக்கே திருப்பி அனுப்புவாய். அண்ணி அனுப்ப மாட்டாள். ரசீது வேண்டும்.

அன்புடன்,
உன் தங்கை