பதினைந்தாக இருந்த தமிழ்

பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-இடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் நம் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அது எண்ணியதெல்லாம் பைட்டைத்தான். பைட்டுகளாலான இந்தச் சாதாரணச் சரத்தைத் தவிர, யூனிகோடு சரம் என்று தனியாக ஒன்றும் அதில் உண்டு. ஆனால் இரண்டும் கலந்துவிட்டால் ஆபத்து. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கலப்பு கண்ணிலேயே படவில்லை. எங்கள் பட்டியலில் ஒரே ஒரு தமிழ்ப் பெயர் நுழைந்தால் போதும், ‘யூனிகோடு டிகோடு எரர்’ என்று நிரல் நின்றுவிடும்.

2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்தது. சரம் என்றாலே யூனிகோடு. நீளம் 5 ஆயிற்று. (த, மி, ழ் என்று மூன்றாக எண்ண இன்றும் ஓப்பன்-தமிழ் போன்ற லைப்ரரி வேண்டும்.) ஊரெல்லாம் ‘பிரிண்ட்’டுக்கு அடைப்புக்குறி வந்ததைப் பற்றியே பேசியது. எனக்குப் பயம் வேறு: ஐந்தை இரண்டால் வகுத்தால் பழையதில் 2, புதியதில் 2.5. பிழைச்செய்தி எதுவும் வராது. கணக்கு மட்டும் மாறியிருக்கும்.

மொழி மாறினாலும் லைப்ரரிகள் மாறவில்லை. ஒன்று தயாரானால் அது நம்பியிருக்கும் இன்னொன்று தயாராக இருக்காது. இரண்டிலும் ஓடுவதற்காகவே ‘சிக்ஸ்’ என்ற லைப்ரரி எழுதினார்கள். இரண்டு மூன்று ஆறு என்பதால் அந்தப் பெயர். 2015-இல் முடிய வேண்டிய பைத்தான் 2.7-இன் ஆதரவு 2020 வரை நீண்டது. அவ்வளவு காலம் இழுத்தும், பழைய நிரல்களோடு பைத்தான் 3 செய்த அந்த முறிவு தேவையானது என்றே சொல்வேன். தமிழைப் பைட் குவியலாக அல்லாமல் எழுத்தாகப் பார்க்க வைத்தது அதுதான்.

இப்போது உடைப்பு சின்னச் சின்னதாக வருகிறது. பைத்தான் 3.12-இல் நிரல்களைப் பொதியாக்கும் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ போயிற்று, 2024-இல் வந்த 3.13-இல் இணையப் படிவங்களைக் கையாளும் ‘சிஜிஐ’ போயிற்று. முன்னெச்சரிக்கை கொடுத்துத்தான் நீக்கினார்கள். ஆனால் சர்வரில் ஒரு சின்னப் படிவத்தை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர் அந்த எச்சரிக்கையை எங்கே படிப்பார்? பராமரிப்பவர்களின் சுமை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அன்று கொடுத்த விலைக்கு நம் எழுத்து கிடைத்தது. இந்த நீக்கங்களால் அந்தப் படிவக்காரருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் யாருக்கு நிரல் எழுதிக் கொடுத்தாலும், எந்தப் பைத்தான், எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு என்பதை முதல் வரியிலேயே தமிழில் எழுதிவிடுகிறேன்.