அமுக்கிப் பார்ப்பவர்

முன்பக்கம் இறக்கிய குட்டியானை வண்டிக்குச் சொந்தக்காரர் யார் என்று ஸ்ரீவைகுண்டத்தில் கேட்டு அலைய வேண்டாம். எந்த வண்டியைக் கண்டாலும் அதன் முகப்பில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கி, சட்டென்று கையை எடுத்து, தலையைச் சாய்த்து, அது எத்தனை தரம் ஆடி நிற்கிறது என்று எண்ணுகிறவர் அவர்தான். ஒரு தரம் எழும்பி அடங்கினால் ஷாக் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று தரம் ஆடினால், "ஷாக் செத்துட்டு அண்ணாச்சி."

சோதனையில் தப்பில்லை. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இராமல் அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே ஒரு பிஸ்டன் சிறு துளைகள் வழியாக எண்ணெயைத் தள்ள, ஆட்டம் சூடாக மாறித் தீர்ந்துபோகும். எண்ணெய் கசிந்துவிட்டால் தொட்டில்தான். சுருள் ஸ்பிரிங் வைத்த காருக்கு இந்த அமுக்கு ஓரளவு உண்மையைச் சொல்லும். பட்டை ஸ்பிரிங் வைத்த சரக்கு வண்டி ஓர் ஆள் அமுக்கினால் அசையவே அசையாது. ஆகவே அவர் வண்டிக்கே இந்தச் சோதனை உதவாது. அவர் அதற்கும் இரண்டு தீர்ப்பு வைத்திருக்கிறார்: தன் வண்டி அசையாவிட்டால் "நல்லா பிடிச்சிருக்கு", அடுத்தவன் வண்டி அசையாவிட்டால் "இறுகிட்டு, மாத்தணும்."

பேருந்து நிலையத்தில் டிரைவர் டீ குடிக்கும் நேரத்தில் அரசுப் பேருந்தின் பம்பரை அமுக்குவார். கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை காரை, மாலையை ஒதுக்கிவிட்டு அமுக்குவார். வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருட வாகனத்தில் எழுந்தருளும்போது, கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இவர் கண் வாகனத்தைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோளில் இருக்கும். முன்கொம்பில் குட்டையான ஆள் நின்றுவிட்டால் பக்கத்தில் நிற்பவர் காதில் ஓதுவார்: "முன்னால இறக்கியிருக்கு, பாத்தீரா?" ஆம்புலன்ஸை அமுக்கினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. உள்ளே ஆள் இருந்ததா இல்லையா என்பதில்தான் ஊரில் இரண்டு கட்சி.

அடுத்தவர் காரின் பானெட் தகடு அமுக்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. மெல்லிய தகடு, விளிம்பை விட்டு நடுவில் கை வைத்தால் குழி விழும். விழுந்திருக்கிறது. டிங்கர் செலவைப் பற்றி அவர் லேசில் வாய் திறப்பதில்லை. திறந்தபோதும், குழிக்குக் காரணம் ஷாக் சரியில்லாததுதான் என்றார்.

இனி அவருடைய வண்டி. டாடா நிறுவனம் ஏஸ் என்ற பெயரில் 2005-இல் விட்ட இந்தச் சிறு வண்டிக்கு முன்னாலும் ஒரே இரும்பு அச்சுதான், அதன் மேல் பட்டை. டிரைவர் அந்த அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால், முன்பட்டையில் செய்யும் எந்த வேலையும் முதுகெலும்புக்கு முதலில் தெரிந்துவிடும். அவர் பட்டையைப் பட்டறையில் கொடுத்து வளைவைத் தட்டி நிமிர்த்தி வண்டியை இறக்கினார். காரணம் கெத்து, வேறு எதுவும் இல்லை. பட்டை நிமிர்ந்தால் அதன் இரு முனைக் கண்களுக்கு இடையே நீளம் கூடும், அதைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிள் சாயும், சேஸிலுள்ள ரப்பர் முட்டுக்கும் அச்சுக்கும் நடுவே இருந்த இடைவெளி குறையும். புதுக்குடிப் பக்கமுள்ள முதல் வேகத்தடையிலேயே ரப்பர் 'டொக்'கென்று பதில் சொல்லியது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கின் சாய்வும் மாறிவிட்டதால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்டியரிங் தானாக ஒரு வெட்டு வெட்டியது. இதற்கு அவர் வைத்த பெயர் "ரோடு பேசுது."

அப்போது ஆரம்பித்ததுதான் அப்கிரேடு. முதலில் பெரிய வண்டி ஒன்றின் ஷாக்கை வாங்கி மாட்டினார். அது நீளம் அதிகம். இறக்கிய வண்டியில் ரப்பர் முட்டுவதற்கு முன்பே ஷாக் முழுசாக மடங்கி முட்டியது; ஒரே மாதத்தில் பிராக்கெட் பிய்ந்தது. பிறகு கேஸ் ஷாக். அதன்பின், பட்டை மெலிவாக இருப்பதுதான் கோளாறு என்று கண்டுபிடித்து, கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து, யூ போல்ட்டையும் நீளமாக்கினார். பட்டை கூடினால் வண்டி ஏறும். ஏறியது. எல்லாச் செலவும் முடிந்த அன்று வண்டி ஷோரூமில் நின்ற அதே உயரத்தில் நின்றது. ஆனால் கட்டை வண்டி மாதிரி இடித்தது.

"இதுக்கு இறக்காமலே இருந்திருக்கலாமே அண்ணாச்சி?"

"ஏறியே நிக்கிறதும் இறக்கி ஏத்துனதும் ஒண்ணாலே?"

இந்தக் கேள்விக்குப் பட்டறை மேஸ்திரியிடம் பதில் இல்லை. மேஸ்திரி வீடு கட்டியதே இப்படிப்பட்ட கேள்விகளால்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்திலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாகிப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. "ஆர்.சி. புக்குல பட்டையப் பத்தி ஒரு வரி இருக்கா, காட்டு" என்பது அவர் வாதம். ஆனாலும் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. நெருங்கும் வாரம் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றிய பழைய சாமான்கள் வெளியே வரும். காட்டிவிட்டு வந்த மறுநாளே திரும்ப உள்ளே போகும்.

இந்த வண்டியை நம்பிய வாழைக்காரர்கள் பாடுதான் பாடு. விடியற்காலை தார் ஏற்ற வருகிறேன் என்றவர் வரமாட்டார். போனில் கேட்டால் "வண்டி ஜாக்கில நிக்கு." இறுகிய பட்டையில் அரை லோடு ஏற்றிப் போனால் பழம் அடிபட்டுக் கறுக்கும், கறுத்த தாருக்கு மார்க்கெட்டில் விலை குறையும். குறைந்த பணத்தை விவசாயி வாடகையில் கழிக்கக் கூடாதாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநாலு மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்துக்குள் வந்தது. தண்டவாளத்தின் கீழே ஜல்லி அரித்துப் போனதால் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அந்தத் தண்ணீரில் அவர் வண்டியால் ஆனது ஒன்றுமில்லை. சீட்டு வரை மூழ்கிக் கிடந்தது. ஆனால் வெள்ளம் வடிந்ததும், தன் வண்டியை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் நின்ற வண்டிகளின் அடியில் ஒவ்வொன்றாக நுழைந்தார். ஷேக்கிள் பின்னைக் கழற்றி மணலைக் கழுவி, புஷ்ஷில் சேறு புகுந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்து, கிரீஸ் அடித்துப் பூட்டினார். ஒரு பைசா வாங்கவில்லை. கிரீஸ் டப்பாவும் அவருடையது. முடித்த பிறகு முகப்பில் கை ஊன்றி அமுக்கினார். குழி விழுந்த பானெட்டுக்காரரும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வண்டி ஒருநாள் விலைக்கு வரும். ஏரலிலிருந்தோ கருங்குளத்திலிருந்தோ வருகிறவர் டயரைப் பார்ப்பார், எஞ்சினைக் கேட்பார், பாடிக்கு விலை சொல்வார். கேஸ் ஷாக்குக்குத் தனியாகப் பத்து ரூபாய் தரமாட்டார். பேரம் முறியும் நிலையில் நம்மவர் ஷாக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, சாக்கிலிருந்த பழையதை மாட்டிக் கொடுப்பார். அடுத்து வாங்கும் வண்டிக்கு அந்த ஷாக் பொருந்தாது. பிராக்கெட்டில் வேறு இடத்தில் துளை போட்டால் பொருந்தும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.