ஒன்றா, அறுபதா?

பழங்கால எண்களை நம் எண்களாக மாற்றித் தர புரோகிராமர்கள் லைப்ரரி எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வரி அடித்தால் போதும், பாபிலோன்காரர் களிமண்ணில் குத்திவைத்த கணக்கு திரையில் வந்து நிற்கும். எந்த எண்ணாக நிற்கும் என்பதில்தான் ஆப்பு.

அவரிடம் இருந்த குறிகள் இரண்டே இரண்டு: நிமிர்ந்த ஆப்பு 1, மூலை போன்றது 10. மீதியை 60 அடிமான இடமதிப்பு பார்த்துக்கொள்ளும். ஆனால் எண்ணின் கடைசியில் சுழியம் கிடையாது, தசமப் புள்ளி மாதிரி எதுவும் கிடையாது. ஆகவே தனியாக நிற்கும் ஆப்பு 1, 60, 3600 எதுவாகவும் இருக்கலாம். அறுபதில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். எழுதியவருக்கு என்ன கணக்கு என்று தெரியும். லைப்ரரிக்குத் தெரியாது, ஆனாலும் கூச்சமே இல்லாமல் 1 என்று சொல்லிவிடும். டெஸ்டும் பாஸ்!

ரோமானியப் பிரிவில் கெடுபிடி அதிகம். பெரும்பாலும் 3999-ஐத் தாண்டினால் பிழைச்செய்தி. எழுத்தின் தலையில் ஒரு கோடு இழுத்து அதை ஆயிரம் மடங்காக்கியவர்களிடம் இந்த வரம்பைச் சொல்லிப் பாருங்கள். சுழியம் கேட்டாலும் பிழைதான்; அதில் மட்டும் நியாயம் இருக்கிறது. பதிப்பு 0.1 என்று போட்டு வெளிவரும் லைப்ரரி, தன் பதிப்பு எண்ணையே ரோமானிய எண்ணில் எழுதிக்கொள்ள முடியாது.