சாம்பியன்களுக்குச் சிதறாலில் ஒரு பஞ்சாயத்து

அமெரிக்காவில் ஒரு வழக்கு ஐம்பது வருஷமாக வாய்தாவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. தலையில் ஹெல்மெட்டை மாட்டி, முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி, எதிரே வருகிறவனை முட்டித் தள்ளுகிற அவர்கள் ஊர் ஃபுட்பாலில், எல்லாக் காலத்துக்கும் பெரிய சாம்பியன் எந்த அணி என்பதுதான் வழக்கு. வாதி, 1972-ன் மயாமி டால்ஃபின்ஸ். அந்த சீசனில் 17 ஆட்டம், 17 வெற்றி. பிரதிவாதி, 1985-ன் சிகாகோ பேர்ஸ். இறுதி ஆட்டத்தில் 46-10 என்று எதிராளியைத் துவைத்துக் காயப்போட்டவர்கள். சீசன் முழுக்க ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றார்கள். தோற்கடித்தது யாரென்று பார்த்தால் அதே மயாமி. பங்காளிப் பகை. நடுவில் 2007 சீசனில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. வரிசையாக 18 ஆட்டம் ஜெயித்தது. பத்தொன்பதாவது, இறுதி ஆட்டம். 17-14 என்று தோற்றது. பதினெட்டுப் படியும் ஏறி முடித்த நேரத்தில் நடையைச் சாத்திவிட்டார்கள்.

இந்த மாதிரி வழக்கை அந்தந்த ஊர்க்காரனிடம் விட்டால் ஏழு தலைமுறைக்கும் தீராது. சொந்த அணி என்று நெஞ்சைத் தட்டிக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் பஞ்சாயத்தைக் கூட்டவேண்டும். அதற்குச் சிதறாலைப்போலத் தோதான இடம் தென்னிந்தியாவில் கிடையாது என்பது என் கட்சி. மார்த்தாண்டத்திலிருந்து 7 கிலோமீட்டர். மலையேறக் கல் பாவிய பாதை, மேலே காற்று, பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகச் சாய்ந்துகூட உட்காராமல் இருக்கிறார்கள். நடுவர் குழுவுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

அணி மாறிய அனுபவத்திலும் இந்த மலையை யாரும் மிஞ்ச முடியாது. திருச்சாணத்து மலை என்று பெயர் இருந்த காலத்தில் இது சமணர் இடம். ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி பட்டாரகரின் மாணவி குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி இங்கிருந்த தெய்வத்துக்குப் பொன்னாபரணம் கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. துறவி கையில் பொன் எப்படி வந்தது என்று கேட்கிறவனுக்குக் கோயில் நிர்வாகம் பிடிபடாது. பிறகு அதே இடம் பகவதி கோயில் ஆயிற்று. மைதானம் அதே, பாறை அதே. ஜெர்சி மட்டும் வேறு. தீர்த்தங்கரர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை, மாற்று ஆட்டக்காரர்கள் மாதிரி ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்கள். கீழே ஊரும் அப்படியே. ஆய் போய்ப் பாண்டியன் வந்தான், சோழன் வந்தான், வேணாடு வந்தது, அது திருவிதாங்கூராக வீங்கிற்று, 1949-ல் கொச்சியையும் சேர்த்துக்கொண்டது. 1956 நவம்பர் 1-ம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் சென்னை ராஜ்யத்துக்கு டிரான்ஸ்ஃபர். நம்முடைய விளவங்கோட்டுக்காரன் ராத்திரி ஒரு மாநிலத்தில் படுத்துக் காலையில் வேறொரு மாநிலத்தில் எழுந்தான். கட்டஞ்சாயாவின் கடுப்பம் மட்டும் மாறவில்லை.

அதனால் தமிழ்நாட்டு சாம்பியன்களுக்கு இங்கிருந்தே வரிசை போடுகிறேன். அளவுகோல் ஒன்றுதான்: யாரை, யார் வீட்டு முற்றத்தில் வைத்து அடித்தாய்?

முதலில், வரிசையிலேயே வர முடியாத ஓர் அணியைப் பேசியாகவேண்டும். தமிழ்நாடு, 1972-73, ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம், சேப்பாக்கம். நம்மிடம் வெங்கட்ராகவன், வி.வி. குமார் என்று இரண்டு சுழல் ராட்சசர்கள். அவர்களுக்கென்றே பிட்ச் தயாரானது என்பது ஊரறிந்த பேச்சு. பம்பாய் 151-க்குச் சுருண்டது. ஆகா, திட்டம் பலித்தது என்று மைலாப்பூர் வரைக்கும் வெற்றிலை போட்டிருப்பார்கள். ஒரு சின்ன விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை: பந்து திரும்புகிற மண்ணுக்கு, போடுகிறவன் எந்த ஊர்க்காரன் என்று தெரியாது. பம்பாயிடம் பத்மாகர் ஷிவால்கர் என்று ஓர் இடக்கைக்காரர் இருந்தார். இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடக் கொடுத்துவைக்காத மனுஷன். அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்து சேப்பாக்கத்தில் இறக்கினார். முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட், நாம் 80. இரண்டாவதில் பம்பாய் 113 எடுத்தது, நாம் 61. ஷிவால்கருக்கு மொத்தம் 13 விக்கெட். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. அன்றைக்கு டிக்கெட் வாங்கி, தயிர்சாதம் கட்டி, குடையோடு வந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு கலங்குகிறது. சொந்தக் கிணற்றை வெட்டி, சொந்தச் செலவில் விழுந்ததற்கு உலகத்தில் கோப்பை ஏதாவது உண்டென்றால் அதை நிரந்தரமாகச் சேப்பாக்கத்திலேயே வைத்துவிடலாம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு, பழைய மெட்ராஸையும் சேர்த்து, ரஞ்சியில் 12 தடவை இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறது. ஜெயித்தது இரண்டு. பாக்கி பத்து தடவையும் மாப்பிள்ளைத் தோழனாக நின்று போட்டோவுக்குச் சிரித்துவிட்டு வந்தது. அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே எடை அதிகம்.

என் வரிசையில் முதலிடம் 1954-55 மெட்ராஸ் அணிக்கு. எதிராளி ஹோல்கர். இந்தூர் மகாராஜா தன் காசில் வளர்த்த அணி, சி.கே. நாயுடுவை அழைத்துவந்து தன் படையில் கர்னல் ஆக்கி வைத்துக்கொண்டவர் அவர். போர் என்று ஒன்று வந்திருந்தால் கர்னல் மட்டையோடுதான் போயிருப்பார். நாலு தடவை கோப்பையை எடுத்த அணி. 1945 இறுதி ஆட்டத்துக்கு இங்கிலாந்தின் டெனிஸ் காம்ப்டனையே இறக்கினார்கள். அவர் ஆட்டமிழக்காமல் 249 அடித்தார், ஹோல்கர் 374 ரன்னில் தோற்றது. அது தனி சோகம். 1955 மார்ச்சில் இந்தூருக்கே போய், அந்த அரண்மனை அணியை அதன் முற்றத்திலேயே 46 ரன்னில் அடித்தது பாலு அழகண்ணன் தலைமையிலான மெட்ராஸ். கிருபால் சிங் 75, 91 என்று இரண்டு இன்னிங்ஸிலும் அடித்தார். அதே வருஷம் தன் முதல் டெஸ்டிலேயே நியூசிலாந்தைச் சதமடித்து வரவேற்றவர். அவர் அப்பா ராம் சிங்தான் 1934-ல் சேப்பாக்கத்தில் ரஞ்சியின் முதல் ஆட்டத்திலேயே 11 விக்கெட் எடுத்து மைசூரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியவர். அப்பா திறந்த கணக்கை மகன் தீர்க்க இருபது வருஷம் ஆயிற்று. எல்.ஐ.சி.யில்கூடச் சீக்கிரம் முதிர்ச்சியடைந்திருக்கும்.

ஹோல்கர் அதற்குப் பிறகு அந்தப் பெயரில் ஆடவே இல்லை. ஒரு ராஜ்யத்தின் கடைசி அணியை மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறான் மெட்ராஸ்காரன். சிகாகோ பேர்ஸ் இதைச் செய்ததா? மயாமி செய்ததா?

இதில் நமக்கொரு சிக்கல். 1955 மார்ச்சில் சிதறால் மெட்ராஸில் இல்லை. திருவிதாங்கூர்-கொச்சிக்கு அப்போது தனி ரஞ்சி அணி. அதாவது இந்த மகத்தான கோப்பை ஜெயிக்கப்பட்டபோது நாம் அடுத்த வீட்டுக்காரர்கள். ஒன்றரை வருஷம் கழித்துக் குடிவந்தவன், வீட்டுக்காரன் அலமாரியில் இருந்த கோப்பையைக் காட்டி விருந்தாளிகளிடம் பெருமை பேசுகிறான். பேசட்டும். எனக்கும் அதுதான் வேலை.

இரண்டாவது ரஞ்சி 1987-88-ல். 33 வருஷம் காத்திருந்து, வாசுதேவன் தலைமையில், ரயில்வேயை சேப்பாக்கத்தில் இன்னிங்ஸும் 144 ரன்னும் வைத்து அடித்தார்கள். நல்ல அடி. ஆனால் நம் அளவுகோலில் சொந்த முற்றம், எதிராளி ரயில்வே. தாமதமாக வருவதில் ரயிலையே தோற்கடித்த அணி என்ற வகையில் நாலாம் இடம் கொடுக்கிறேன். மேல்முறையீடு கிடையாது.

இனி மஞ்சள் சட்டை. சென்னை சூப்பர் கிங்ஸ் ஐந்து கோப்பை வைத்திருக்கிறது, 2010, 2011, 2018, 2021, 2023 என்று. ஊரில் பாதிப் பையன்கள் 2023-ஐத்தான் முதலில் வைப்பார்கள். ஒருநாள் மழையில் போய், மறுநாளும் மழையில் நனைந்து, நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. ரப்பர் வெட்டப் போகிறவர்கள் தூங்காமலே கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போன இரவு அது. எல்லாம் சரி. அன்றைக்கு நம் பதினொரு பேரில் தமிழ்நாட்டுக்காரன் ஒருவன்கூட இல்லை. சென்னைப் பையன் ஒருவன் ஆடினான். சாய் சுதர்சன், 96 ரன், குஜராத்துக்காக. நம் வீட்டுப் பிள்ளை நம்மை அடிக்க, ஜாம்நகரில் ஆடி வளர்ந்த பிள்ளை நம்மைக் காப்பாற்றினான். சிதறால் மலைக்கு இது புதிதல்ல. ஆனாலும் ஐந்தாம் இடம்.

சூப்பர் கிங்ஸில் என் ஓட்டு 2018-க்கு. இரண்டு வருஷம் தடையில் கிடந்து திரும்பிய அணி. எடுத்த ஆட்களைப் பார்த்து நாடே சிரித்தது: இம்ரான் தாஹிருக்கு 39, ஹர்பஜனுக்கு 37, தோனிக்கும் வாட்சனுக்கும் 36. முதியோர் பென்ஷன் மனு கொடுக்க வந்த வரிசை என்றுதான் தோன்றும். சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் நடந்தது. காவிரிப் போராட்டத்தில் மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது. மீதி ஆட்டங்களைப் புனேக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரசிகர்கள் தனி ரயில் பிடித்துப் பின்னாலேயே போனார்கள். மும்பையில் இறுதி ஆட்டம். வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முட்டி வலி போல என்று எல்லோரும் பரிதாபப்பட்டோம். பிறகு 57 பந்தில் ஆட்டமிழக்காமல் 117. தாத்தா எழுந்திருக்கத்தான் நேரம் எடுத்துக்கொண்டார். மூன்றாம் இடம்.

இரண்டாம் இடம் காலியாக இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். அது 2018-19 சென்னை சிட்டி ஃபுட்பால் கிளப்புக்கு. பெயரில் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளர், ஸ்பெயினிலிருந்து நாலைந்து பேர், மீதி நம் பையன்கள். ஐ-லீக்கின் கடைசி நாள், 2019 மார்ச் 9. ஒரு புள்ளி பின்னால் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் மூச்சு விட்டுக்கொண்டு வருகிறது. அப்போது நூறு வருஷத்தைத் தொடவிருந்த கிளப். அவர்கள் ரசிகர்கள் ஒரு நாள் அழுதால் கங்கையில் நீர்மட்டம் உயரும். கோவையில் மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு, 3-1. போரா தடுப்பு ஆட்டக்காரர். கோல் போடுவது அவர் வேலையே இல்லை. ஈஸ்ட் பெங்காலும் அங்கே ஜெயித்தது. 43-க்கு 42. ஒரே புள்ளி.

மாவட்டத்துக்கு இதிலும் ஒரு வயிற்றெரிச்சல் பாக்கி. நம் கடற்கரையில், இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ் அதற்கு முந்தைய சீசனில் இதே சென்னை சிட்டியில் பிரமாதமாக ஆடியவர். பிரமாதமாக ஆடினால் விட்டுவைப்பார்களா? ஜம்ஷெட்பூர் கொத்திக்கொண்டு போயிற்று. அவர் போன மறு சீசனே அணி சாம்பியன். ஆனால் மனுஷன் சும்மா இருக்கவில்லை. அடுத்து ஏ.டி.கே.வுக்குப் போனார், 2020-ல் அந்த அணி ஐ.எஸ்.எல். கோப்பையை எடுத்தது. இறுதி ஆட்டத்தில் தோற்றது? சென்னையின் எஃப்.சி.! இதைச் சொல்லும்போது தூத்தூர் பக்கம் ஆட்கள் முகத்தில் வருகிற சிரிப்பில் எந்த மாநில எல்லையும் கிடையாது.

இந்த வரிசையைச் சாயாக்கடையில் வாசித்துக் காட்டினேன். ஏத்தம்பழ பஜ்ஜியை எண்ணெயிலிருந்து அரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சின் ஓரத்தில் இருந்த பெரியவர்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் செரி மக்களே, நம்ம மணி எங்கடே?"

1973 டிசம்பர், எர்ணாகுளம், சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம். ரயில்வேக்கு எதிராகக் கேப்டன் மணி மூன்று கோல், 3-2, கேரளாவுக்கு முதல் கோப்பை. கேரளா அதற்குப் பிறகு இன்னும் ஆறு எடுத்துவிட்டது. தமிழ்நாடு ஒன்றுகூட எடுக்கவில்லை. பெரியவர் 1956-க்கு முன்னால் பிறந்தவர். நாம் அப்போது பதினேழு வருஷமாகத் தமிழ்நாடு என்று எடுத்துச் சொன்னேன். "அது தாலுகா ஆபீஸ்ல உள்ளவனுக்கு" என்றார்.

வரிசையில் அரை இடம் ஒதுக்கினேன், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். அவருக்குத் திருப்தியில்லை. மணியின் மூன்று கோலில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை, ரேடியோவில் கேட்டதுதான். அதனால் சொல்லச் சொல்ல கோல்கள் தூரத்திலிருந்து விழுகின்றன. போன ஓணத்துக்கு மூன்றாவது கோல் மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து போனது.