அசல்தேடியார்

சுற்றுலாப் பயணிகளே வராத இடத்துக்குத் தன்னைக் கூட்டிப்போகச் சொல்லி, சுற்றுலா நிறுவனத்துக்கே பணம் கட்டுகிறவர் ஒருவர் உண்டு. அவருக்கு அசல்தேடியார் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நாடு, மொழி, மதம் பாராமல் எல்லா மண்ணிலும் விளைகிறவர். பாரிஸிலும் பாலித் தீவிலும்கூடத் தென்படுவார். ஆனால் அவரை முழு உருவத்தில் தரிசிக்க விரும்புகிறவர்கள் ஸ்பெயினின் தெற்கே செவியா நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே சாயங்கால உணவு உலா என்று ஒன்று விற்கிறார்கள்: இரண்டு மூன்று தபாஸ் கடைகள், அங்கங்கே சின்னத் தட்டுகளில் தீனி, கையில் ஒரு கோப்பை, கடைசியில் ஒரு ஃபிளமெங்கோ நிகழ்ச்சி. அதில் ஓர் இடம் பதிவுசெய்துவிட்டால் போதும். அசல்தேடியார் ஏற்கெனவே பதிவுசெய்திருப்பார்.

நம்மவர்களிலும் இந்த வம்சம் பெருகிவருகிறது. 2011-இல் வந்த ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ இந்திப் படத்தைப் பார்த்துவிட்டு ஸ்பெயினுக்குக் கிளம்பியவர்கள் முதல் தலைமுறை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டா கிளம்பினீர்கள் என்று அவர்களைக் கேலி செய்கிறவர்கள் இரண்டாம் தலைமுறை. சென்னையிலிருந்து மனைவியோடு வந்திருக்கும் நம் அசல்தேடியார் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவர்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். அரைக்கால் சட்டை போடமாட்டார், அது பயணிகளின் சீருடை. கசங்கிய லினன் சட்டையும், செவியாவில் எவரும் போடாத ஒரு தொப்பியும் அணிந்திருப்பார். வழிகாட்டிப் பெண் குடையை உயர்த்தி எல்லோரையும் கூப்பிடும்போது நாலடி தள்ளி நின்று எதிர்க்கட்டடத்தின் ஜன்னலை ஆராய்வார். கட்டணத்தில் சேர்ந்த முதல் கோப்பை வரும்போது மட்டும் அந்த நாலடி காணாமல் போகும்.

அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “இந்தக் கடைக்கு லோக்கல் ஆளுங்க வருவாங்களா?”

வருவார்கள், ஆனால் அவர் போன பிறகு. செவியாக்காரர்கள் இரவுச் சாப்பாட்டை நினைப்பதே ஒன்பது மணிக்கு மேல்தான். பல கடைகளில் சமையலறை எட்டு, எட்டரைக்குத்தான் திறக்கிறது. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறையவே ஒன்பதே முக்கால் ஆகிவிடும். உலாவோ ஆறரைக்குப் புறப்படுகிறது, ஏனென்றால் அசல்தேடியாரின் வயிறு இன்னும் அவருடைய ஊர்க் கடிகாரத்தில் இருக்கிறது. ஏழு மணிக்குக் கடைக்குள் நுழைந்து, வெயில் இறங்காத அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருக்கும் ஜெர்மானியரையும் ஜப்பானியரையும் பார்த்து, “எல்லாம் டூரிஸ்ட்டுங்க” என்று பெருமூச்சு விடுகிறார். பெருமூச்சு விட்டவர் எங்கிருந்து வந்தார் என்று அந்த ஜப்பானியர் கேட்பதில்லை, மரியாதை தெரிந்தவர்.

செவியாவின் மிகப் பழைய மதுக்கடை எல் ரின்கொன்சியோ. 1670-லிருந்து இருக்கிறது. கூரையிலிருந்து பன்றித்தொடைகள் தொங்கும். வாடிக்கையாளர் சாப்பிட்ட கணக்கை மர மேடையின் மேலேயே சாக்கட்டியால் எழுதிப்போட்டு, காசு வாங்கியதும் துடைத்துவிடுவார்கள். அசல்தேடியார் அந்தச் சாக்கட்டிக் கணக்கைப் படமெடுக்கிறார். நேராக நின்று ஒன்று, சாய்ந்து ஒன்று, கோப்பையை ஓரத்தில் வைத்து ஒன்று. துடைக்க வந்தவர் துணியும் கையுமாக நிற்கிறார்.

“ஏங்க, இதச் சாப்பிட்டுப் பாருங்க. கீரையும் கொண்டக்கடலையும். சீரகம்கூடப் போட்டிருக்காங்க” என்கிறார் மனைவி.

“இரு, வெளிச்சம் போயிடும்.”

கீரையை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அராபியர்கள். 1248 வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஊர் இது. அந்தச் சரித்திரம் ஆவி பறக்கச் சின்ன மண்சட்டியில் வந்து, ஆறி, ஏடு கட்டிக்கொண்டிருக்கிறது. படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு அசல்தேடியார் அதை வாயில் போட்டு, “கொஞ்சம் ஆறிப்போச்சு” என்று தீர்ப்புச் சொல்கிறார்.

குடிக்கும் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. குழுவில் ஒரு பெண் சங்க்ரியா கேட்டுவிட்டால் அவர் முகத்தில் ஒரு பரிதாபம் படரும். உள்ளூர்க்காரர்கள் அதைத் தொடுவதில்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தாழ்ந்த குரலில் தெரிவிப்பார். பிறகு ஹெரெஸ் பக்கத்து ஒயின்களில் அரிதான ‘பலோ கொர்தாதோ’வை, பெயரை இரண்டு முறை உச்சரித்து வரவழைப்பார். பக்கத்தில் நிற்கும் செவியாப் பெரியவர் கையில் இருப்பது சின்னக் கிளாஸில் ஜில்லென்ற பியர். 1904-லிருந்து அந்த ஊரிலேயே காய்ச்சப்படும் குருஸ்காம்போ அது. ஹெரெஸ் ஒயினைப் பற்றி அந்தப் பெரியவருக்கு அசல்தேடியார் ஐந்து நிமிடம் விளக்குகிறார். பெரியவர் தலையாட்டிக்கொண்டே இன்னொரு பியர் சொல்கிறார்.

சாப்பாட்டுப் பட்டியல் வருகிறது. செவியாக்காரர்கள் ஒரு கடையைத் தரம் பார்க்க முதலில் கேட்பது ‘என்சலாதியா’. உருளைக்கிழங்கை அவித்து மயோனீஸில் பிசைந்து, டூனா மீனோ இறாலோ சேர்த்தது. எந்தக் கடையில் அது நன்றாக இருக்கும் என்பது பற்றி அந்த ஊரில் நட்பே முறியும். ஆனால் அதன் முழுப்பெயரில் ‘ருஷ்ய’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “ஸ்பெயினுக்கு வந்து ருஷ்யன் சாலடா?” என்று அசல்தேடியார் அதை அடித்துவிடுகிறார். அடுத்தது விஸ்கி ஊற்றி, நிறையப் பூண்டு போட்டுச் சமைத்த பன்றியிறைச்சி. இதுவும் செவியாவின் சொந்தச் சரக்கு, வடக்கே போனால் தேட வேண்டியிருக்கும். “விஸ்கியா? வெள்ளைக்காரனுக்காகப் போட்டது” என்று அதுவும் போயிற்று. ஊர் ஆசையாகச் சாப்பிடும் இரண்டையும் இப்படி ஒரே மூச்சில் விலக்கிவிட்டு, “இங்க பாயேல்லா எங்க நல்லா இருக்கும்?” என்று கேட்கிறார். பாயேல்லா வலென்சியாவினுடையது, அங்கேயும் மதியச் சாப்பாடு. வழிகாட்டிப் பெண்ணின் புன்னகை ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் அவளுக்குச் சம்பளம்.

ஹாமோன் என்னும் உப்புப்போட்டு உலர்த்திய பன்றித்தொடை வரும்போதுதான் அசல்தேடியாரின் பாண்டித்தியம் முழுதாக வெளிப்படும். அதில் ஸ்பெயின் சர்க்காரே அவருக்குத் துணை. ஐபீரியப் பன்றித்தொடைக்கு 2014 முதல் நான்கு நிறச் சீட்டு கட்டுகிறார்கள். தாயும் தகப்பனும் சுத்த ஐபீரிய இனம், கடைசி மாதங்களில் ஓக் மரக்காட்டில் மேய்ந்து உதிர்ந்த கொட்டையைத் தின்று கொழுத்தது என்றால் கறுப்புச் சீட்டு. கொட்டை தின்றது, ஆனால் பெற்றோரில் கலப்பு என்றால் சிவப்பு. வெளியே திரிந்து தீவனமும் தின்றது பச்சை. கொட்டிலில் தீவனம் மட்டும் தின்றது வெள்ளை. கல்யாணத் தரகர் கையில் ஜாதகம் கிடைத்த மாதிரி அசல்தேடியார் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். தாய்வழி கேட்கிறார், தகப்பன்வழி கேட்கிறார், எந்தக் காடு என்று கேட்கிறார். அதற்குள் குழுவினர் தட்டைக் காலிசெய்துவிட்டார்கள். அவருக்கு மிஞ்சியது சீட்டு.

இந்த இடத்தில் வழிகாட்டிகள் ராஜா கதை சொல்வது வழக்கம். கடற்கரைப் பக்கம் ஒரு சத்திரத்தில் ராஜா ஒயின் கேட்டாராம். காற்றில் மணல் விழாமலிருக்கப் பரிமாறியவன் கோப்பைமேல் ஒரு துண்டு ஹாமோனை வைத்தானாம். ராஜா அதைத் தின்றுவிட்டு, அதே மாதிரி இன்னொன்று என்றாராம். தபாஸ் பிறந்ததாம். சிலர் சொல்லும்போது ராஜா 13-ஆம் அல்ஃபோன்சோ, சிலர் சொல்லும்போது 10-ஆம் அல்ஃபோன்சோ. நடுவே அறுநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. இன இரத்தம் முதல் ஓக் கொட்டை வரை சந்தேகப்பட்ட அசல்தேடியார் இந்தக் கதையை மட்டும் அப்படியே குறித்துக்கொள்கிறார்.

பிறகு குவாதல்கிவிர் ஆற்றைக் கடந்து திரியானா பேட்டைக்கு நடை. 1852-இல் கட்டி முடித்த இரும்புப் பாலம். அக்கரையில் சந்தைக்குக் கீழே இன்க்விசிஷன் என்னும் பழைய மத விசாரணை மன்றத்தின் கோட்டை இடிபாடு இருக்கிறது. அசல்தேடியார் தேடுவதோ ஜிப்சிகளை. திரியானா என்றால் கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்துக்கொண்டே பாடும் ஜிப்சிகள் என்று படித்திருக்கிறார். அவர்களை அங்கே காணோம். 1950-களுக்குப் பிறகு பேட்டையின் மனைமதிப்பு ஏற ஏற, ‘ஹிதானோ’ என்று அங்கே அழைக்கப்படும் அந்த மக்களின் குடும்பங்களை நகரத்தின் ஓரத்து அடுக்குமாடிகளுக்குக் கிளப்பிவிட்டார்கள். அதற்கு இருநூறு ஆண்டு முன்பு, 1749-இல், நாடு முழுவதும் அவர்களை ஒரே வீச்சில் பிடித்து அடைக்க அரசாணை பிறந்தது. வழிகாட்டி இதைச் சொல்லும்போது குரல் சற்று இறங்குகிறது. நம்மவர் அந்த நேரம் ஒரு பீங்கான் ஓட்டுக் கடையின் முன்னால் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: ஹிதானோக்களின் முன்னோர் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். அது உண்மை. மொழி ஆராய்ச்சியும் மரபணு ஆராய்ச்சியும் அப்படித்தான் சொல்கின்றன. ஸ்பெயினை அவர்கள் எட்டியது 15-ஆம் நூற்றாண்டில்.

“பாத்தியா? எல்லாம் நம்மகிட்டயிருந்து போனதுதான்.”

“நீங்க அனுப்பிவச்ச மாதிரி பேசறீங்களே” என்கிறார் மனைவி.

நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்குத் தப்லாவோ என்று பெயர். சிறிய கூடம், மரப்பலகை மேடை, மைக் கிடையாது. உள்ளே நுழையும்போதே அசல்தேடியார் கேட்டுவிடுகிறார்: “இது நிஜ ஃபிளமெங்கோவா, டூரிஸ்ட்டுக்காகப் போடறதா?”

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சில்வேரியோ ஃபிராங்கொனெத்தி போன்ற பாடகர்கள் செவியாவில் காபிக்கடை மேடைகளை நடத்தினார்கள். காசு கொடுத்து உட்காரும் கூட்டத்தின் முன்னால்தான் பாட்டும் கிதாரும் ஆட்டமும் சேர்ந்து இன்றைய உருவத்துக்கு வந்தன. உடனே புலம்பலும் வந்தது. 1881-இல் ஃபிளமெங்கோப் பாடல்களைத் தொகுத்து நூலாக வெளியிட்ட மச்சாதோ இ ஆல்வரெஸ், இந்தக் காபிக்கடைகள் ஹிதானோப் பாட்டைக் கொன்றுவிடும் என்று அதிலேயே அஞ்சினார். 1922-இல் இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் கவிஞர் லோர்க்காவும் நண்பர்களோடு சேர்ந்து, அசலை மீட்க கிரானடாவின் அல்ஹம்ப்ராவில் ஒரு போட்டியே நடத்தினார்கள். தொழில்முறைப் பாடகர்களுக்கு அனுமதி இல்லை. பரிசு வாங்கியவர்களில் ஒருவன் 12 வயது மனோலோ கராகோல். அவன் வளர்ந்து பெரிய நட்சத்திரமாகி, 1963-இல் மாட்ரிட்டில் சொந்தமாக ஒரு தப்லாவோ திறந்தான்.

விளக்கு அணைகிறது. பாடகர் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைத் திறக்கிறார். ‘சொலேயா’ என்னும் பாட்டு வகை. பன்னிரண்டு அடி கொண்ட தாளம், அழுத்தம் சமமாக விழாது. ஒழுங்காக எண்ணிக்கொண்டிருக்கிறவனையும் கவிழ்க்கும். அசல்தேடியார் எண்ணாமலே கைதட்டிக் கலந்துகொள்கிறார். ஆடும் பெண்ணின் புருவம் ஒரு தடவை நெரிகிறது. ‘ஓலே’ என்பது ஓர் அடி சரியாக வந்து முடியும் கணத்தில் தெரிந்தவன் வாயிலிருந்து நழுவுவது. நம்மவர் அதைப் பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் நிரப்புகிறார்.

“காஸ்டனெட் இல்லை பார், அசல்” என்று காதோடு சொல்கிறார். “அந்தப் பெட்டியை அடிக்கிறாரே, அதுதான் ஆதிகாலத்து வாத்தியம்.” அந்தப் பெட்டி, கஹோன், பெருவிலிருந்து வந்தது. 1970-களின் பிற்பகுதியில் கிதார் மேதை பாக்கோ தெ லூசியாதான் அதை ஃபிளமெங்கோவுக்குள் கொண்டுவந்தார். மேடையில் இருப்பவற்றிலேயே வயது குறைந்த வாத்தியம்.

அப்புறம் ஃபோனை உயர்த்துகிறார். நிகழ்ச்சியின் மிச்சப்பகுதியை உள்ளங்கை அகலத்தில் பார்க்கிறார். ஆடும் பெண் பாவாடையை முழங்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு, பலகை அதிரக் காலடி போட்டு, சட்டென்று நிற்கிறாள். கூடத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. பாடகர் தன்னையறியாமல் ஏதோ முணுமுணுக்கிறார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அசல்தேடியாருக்கு அந்த இடத்தில் சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்று ஃபோன் சொல்கிறது. பழைய படங்களை அழிக்கிறார். முதலில் போனது சாக்கட்டிக் கணக்கு.

வெளியே வந்ததும் தீர்ப்பு. “நல்லாத்தான் இருந்துது. ஆனா துவெந்தே வரலை.” கலைஞனைப் பிடித்து ஆட்டும் அந்த இருண்ட சக்தியைப் பற்றி லோர்க்கா 1933-இல் புவெனஸ் ஐரெஸில் ஓர் உரை நிகழ்த்தினார். அதன்பின் துவெந்தே வந்ததா வரவில்லையா என்று சொல்லும் உரிமை பயணச்சீட்டு வாங்கிய அனைவருக்கும் கிடைத்துவிட்டது. உள்ளே அந்தப் பெண் ஈரச்சட்டையை மாற்றிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இன்னொரு காட்சி இருக்கிறது.

கடைசிக் கேள்வி வழிகாட்டியிடம். “டூர் முடிஞ்சப்புறம் நீங்க எங்க போவீங்க? அந்த இடத்தைச் சொல்லுங்க.”

“வீட்டுக்கு” என்கிறாள் அவள்.

அவர் நம்பவில்லை. மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஐந்தில் மூன்று நட்சத்திரம் போடுகிறார்.

அவரைக் கோபித்துப் பயனில்லை. அசல் அழிந்துவிட்டது என்ற புலம்பல், ஃபிளமெங்கோ மேடை ஏறிய நாளிலிருந்து அதன் கூடவே வருகிறது. அந்த உலாவில் கலப்பே இல்லாத பழைய மரபு என்று எதையாவது காட்டச் சொன்னால் அசல்தேடியாரையே காட்டலாம், கறுப்புச் சீட்டு கட்டி. நீங்கள் செவியாவுக்குப் போனால் ருஷ்ய சாலடைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். தாளம் தெரியாவிட்டால் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காசுக்கு ஆடுகிறவர்கள் நன்றாகவே ஆடுகிறார்கள்.